நாலாவது தட்டு

நரிக்கரடு வளைவில் தினமும் சாயங்காலம் யாரோ ரோட்டைத் தட்டுகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னதும், தார்ச்சட்டி தூக்கிக்கொண்டிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். இருசாயியும் சிரித்தாள்.

"தட்டறாங்கன்னா? கதவைத் தட்டற மாதிரியா மேடம்?" என்றார் மேஸ்திரி சென்னப்பன்.

"ஆமா. மூணு தட்டு. ஆறரை மணிவாக்குல. ஒன்பது இடத்துல."

"பேய்க்கும் டைம் டேபிள் போட்டுட்டாங்க போல. நமக்குத்தான் இன்னும் போடல."

மறுபடி சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்தாள், ஆனால் கையில் இருந்த கணினிப் பலகையை மடக்கவில்லை. பெயர் நஸ்ரீன். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சாலைக் காயப் பிரிவு. இருபத்தெட்டு வயதிருக்கும். ஸ்கூட்டரில் வெயிலோடு வந்தவள், கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் தானே கழுவி வைத்தாள். அதனால்தான் கூலிக்காரர்கள் அவளோடு பேசினார்கள்.

"புளியங்கொட்டைதான் சொல்லுதா இதை?" என்றாள் இருசாயி.

அலுவலகக் காகிதத்தில் அதற்கு உணர்மணி என்று பேர். பதித்த கூலிக்காரர்கள் வைத்த பேர் புளியங்கொட்டை. அதே அளவு, அதே நிறம். ரோட்டின் இரண்டு ஓரமும் பத்தடிக்கு ஒன்று. வண்டி சறுக்கினால், பிரேக் கீச்சிட்டால், ஒரு உடம்பு விழுந்தால், அதற்குத் தெரியும். ரோட்டோரக் கம்பத்துக்குச் சொல்லும். கம்பம் லாரிகளுக்குச் சொல்லும். இந்த ரோட்டில் முக்கால்வாசி லாரி ஆள் இல்லாமல் ஓடுபவை. ரோடு சொன்ன வேகத்தில் போகும். ஒரு இடத்தில் சறுக்கலும் உதறலும் அதிகமானால் அங்கே லாரிகள் தாமே முப்பதுக்கு இறங்கிவிடும். பலத்த அடி விழுந்தால் யாரும் போன் செய்யாமலே ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். இது வந்த பிறகு மாவட்டத்தில் ரோட்டுச் சாவு பாதியாகக் குறைந்தது.

பதிக்கிற முறையும் சுலபம்தான். ஈரத்தாரில் குழி. குழியில் கொட்டை. மேலே திமிசுக்கட்டையால் ஓங்கி ஒரு குத்து. அப்புறம் குனிந்து விரல்முட்டியால் மூன்று தட்டு. மூன்றாவது தட்டில் கொட்டை முழித்துக்கொள்ளும், மேஸ்திரியின் பலகையில் ஒரு பச்சைப் புள்ளி வரும். இந்த வளைவில் ஒவ்வொரு கொட்டையையும் தட்டி எழுப்பியவன் இருசாயியின் புருஷன் மாதையன். ரோடு திறந்து ஒரு மாதத்தில் அதே வளைவில் அடிபட்டுச் செத்தான்.

"மூணு வருஷத்துல இங்க ஒன்பது சாவு. ஆஸ்பத்திரிப் பதிவுல இருக்கு. ரோட்டைக் கேட்டா ஒண்ணுமே நடக்கலங்குது. பச்சை காட்டுது. தொண்ணூறுல போங்கன்னு லாரிக்குச் சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றாள் நஸ்ரீன்.

"விதி மேடம்" என்றார் சென்னப்பன்.

"விதின்னா மாவட்டம் பூரா பரவலா இருக்கணும்ல மேஸ்திரி? இங்க மட்டும் எதுக்குக் கூடாரம் போட்டு உக்காந்திருக்கு? ஒரு ஊர்ல காலரா வந்தா எந்தக் கிணத்துத் தண்ணின்னு தேடறோம். இதுவும் அப்படித்தான். எனக்கு இங்க கிணறு எதுன்னு தெரியணும்." பலகையைத் திருப்பிக் காட்டினாள். "இந்தத் தட்டுதான் ஒரே துப்பு. சாயங்காலம் யாராச்சும் என்கூட வந்து நிப்பீங்களா?"

"இருசாயி வூடு அங்கதான். அவளே வருவா" என்றார் சென்னப்பன்.

*

நரிக்கரடு கிராமத்தை பைபாஸ் இரண்டாக வெட்டிப் போட்டிருந்தது. வீடுகள் இந்தப் பக்கம். காடும் ஏரியும் பஸ் நிற்கிற இடமும் அந்தப் பக்கம். மேம்பாலம் கேட்டார்கள், வரவில்லை. சுரங்கப்பாதை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். ஆகையால் எல்லோரும் வளைவிலேயே குறுக்கே போனார்கள். பால் கேனோடு, ஆட்டோடு, மில் வேலைக்கு மொபெட்டில். தடுப்புக் கம்பியை அறுத்து ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாயில் செய்திருந்தார்கள். அந்த வாயிலின் இரண்டு பக்கமும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ்கள். பழையவற்றில் முகம் வெளுத்து மீசையும் பொட்டும் மட்டும் தெரிந்தன. புதியது நான்கு மாதத்துக்கு முந்தையது. பூங்காவனத்தின் மகள் மஞ்சு, பத்தொன்பது வயது, பச்சைத் தாவணி.

ஆறேகாலுக்கு இருவரும் வாயிலருகே நின்றார்கள். லாரிகள் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து போயின. முகப்பில் கண்ணாடியே கிடையாது. ஒவ்வொன்றும் போகும்போது காற்று புடவையை இழுத்தது.

"இதுங்களுக்குக் கண்ணு இருக்குதில்ல?" என்றாள் இருசாயி.

"இருக்குக்கா. ரோட்டு மேல நிக்கறதைப் பாக்கும். ஓரத்துல கிடக்கறதைப் பாக்காது. பாத்தா ஒவ்வொரு சாக்குக்கும் நின்னுட்டு இருக்கும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க."

ஆறு முப்பத்திரண்டு. "வருது, பாருங்க" என்றாள் நஸ்ரீன்.

பலகையில் ஒரு புள்ளி மூன்று தடவை துடித்தது. அந்தப் புள்ளி இருக்கிற இடம் அவர்கள் நின்றதிலிருந்து நான்கு எட்டு. இருசாயி அங்கே பார்த்தாள். வெறும் தார். ஆட்டுப் புழுக்கை. யாரும் இல்லை. அடுத்த புள்ளி துடித்தது, அது அவள் காலடியிலேயே. செருப்பை நகர்த்திப் பார்த்தாள். பாதத்துக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்றாவது, நான்காவது. ரோட்டுக்குள் இருந்து யாரோ ஒவ்வொரு இடமாக வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

"எட்டு" என்றாள் நஸ்ரீன். கொஞ்சம் காத்திருந்தாள். "தினமும் ஒன்பது வரும். இன்னிக்கு ஒண்ணு குறையுது."

"எது குறையுது?"

நஸ்ரீன் பலகையில் இருந்த வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வாயிலுக்கு இடப்பக்கம், ஐந்தாம் நம்பர் கம்பத்துக்கு நேர்கீழே. இருசாயிக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் அந்த இடம் தெரியும். அங்கே ஒரு சாண் அகலத்துக்குத் தார் கொஞ்சம் கருப்பு அதிகம். அவளே அடைத்தது.

திரும்பி ஊரைப் பார்த்தாள். வீடுகளில் விளக்கு எரிந்தது. அவள் வீட்டில் எரியவில்லை.

"வெளக்கேத்தற நேரமாயிடுச்சு கண்ணு. நான் போவணும்."

"என்னக்கா, ஏதாச்சும் தோணுதா?"

"ஒண்ணும் தோணல."

*

வீட்டுக்குள் போய் காலைக் கழுவினாள். சாமி மாடத்தில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். மாடத்தின் மூலையில் கைக்கு அடங்குகிற சின்ன மண்கலயம், வாய்க்கு மஞ்சள் துணி. மூன்று வருஷமாக விளக்கேற்றியதும் கலயத்தின் தோளில் மூன்று தட்டு தட்டுவாள். வந்துட்டேன் என்று சொல்வது அது. தட்டாமல் நெருப்புக்குச்சியை அணைக்கக் கை வராது.

இன்றைக்குக் குச்சி விரல் வரை எரிந்தது. அப்புறம் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

ஸ்கூட்டர் சத்தம் வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நஸ்ரீன் வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றலாமா என்று தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது.

"அக்கா, இப்ப தட்டினது நீங்கதானே?"

"உள்ள வா" என்றாள் இருசாயி.

மஞ்சள் துணியை அவிழ்த்துக் கலயத்தைக் கையில் கொடுத்தாள். உள்ளே உள்ளங்கை அளவு தார்க்கட்டி. அதில் பாதி புதைந்து, புளியங்கொட்டை.

"அடிபட்டுச் செத்தவங்க அந்த எடத்துலயே நின்னுடுவாங்க. வூட்டுக்கு வழி தெரியாது. மூணாம் நாள் போயி பேர் சொல்லிக் கூப்ட்டு, அந்த எடத்து மண்ணு ஒரு பிடி எடுத்து, திரும்பிப் பாக்காம கூட்டியாரணும். எங்க பக்கம் அப்படி. ரோட்டுல மண்ணு எங்க இருக்குது? கடப்பாரையால பேத்தேன். கூடவே இது வந்துச்சு. அவரு தல கெடந்த எடத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. அவரு கையாலயே வச்சது."

"திருப்பி வைக்கணும்னு தோணலையா?"

"இதுக்குக் காது இருக்குதுன்னு நீங்கதானே சொல்றீங்க? அவரு கடைசியா என்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும். எப்படித் திருப்பி வைப்பேன்?"

நஸ்ரீன் கலயத்தைக் கீழே வைக்கவில்லை. "மத்த எட்டு?"

"அப்புறம் வெங்கடாசலம் மவன் போனான். அக்கா, எங்களுக்கும் எடுத்துக் குடுன்னு வந்து அழுதாங்க. ரோட்டைப் பேக்க எனக்குத்தானே தெரியும். எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் எல்லாரும். பேத்த எடத்தைத் தடம் தெரியாமத்தான் அடைச்சேன் மேடம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட அதுல தடுக்கி வுழுந்ததில்ல."

"தட்டறது?"

"நான் தட்டறதைப் பாத்து எல்லாரும் தட்டறாங்க. புள்ளைங்ககூட."

நஸ்ரீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு பாடம் சொல்கிற குரலில் இல்லாமல், தனக்கே சொல்லிப் பார்ப்பதுபோலச் சொன்னாள்.

"ஒருநாள் பூரா எந்தச் சத்தமும் இல்லாத உணர்மணியைச் செத்துப்போச்சுன்னு ரோடு எடுத்துக்கும். ஆள் அனுப்பி மாத்திடுவாங்க. ஆனா இது சாகல. தினமும் மூணு தட்டு வாங்குது. கம்பம் பக்கத்துலதான் இருக்கு, சேதி போய்ச் சேருது. பதிச்ச இடத்துலயே இருக்கறதா ரோடு எடுத்துக்குது. நான் உயிரோட இருக்கேன், என்னைச் சுத்தி எந்த ஆட்டமும் இல்லைங்குது. மாடத்துல என்ன ஆட்டம் இருக்கும்? அப்ப ரோடு என்ன நினைக்கும்?"

"அங்க அமைதியா இருக்குதுன்னு."

"ஆமா."

"அமைதியா இருந்தா லாரி வேகமா போவும்."

நஸ்ரீன் தலையை மட்டும் அசைத்தாள்.

இருசாயி விரல்களை மடக்க ஆரம்பித்தாள். "வெங்கடாசலம் மவன் செத்தது நான் மொதல்ல பேத்த எடத்துக்குப் பக்கத்துல. அவனுக்குப் பேத்த எடத்துக்குப் பக்கத்துல பால்காரம்மா. அதுக்குப் பக்கத்துல..." ஒன்பதாவது விரலில் நிறுத்தினாள். அது மஞ்சு. "கெணறு எதுன்னு கேட்டியே கண்ணு. அதை வெட்டினவ நாந்தான்."

"அக்கா, வேணும்னு செய்யலையே."

"வேணும்னு செஞ்சா என்ன, வேணாம்னு செஞ்சா என்ன. செத்தவங்க செத்தவங்கதானே."

வெளியே லாரிகள் போகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் அது நிற்பதேயில்லை.

"இதை அப்படியே எழுதினா, ரோட்டுக் கருவியைத் திருடினதா கேஸ் வரும். ஒன்பது வீட்டு மேலயும் வரும். அதைவிட, அத்தனை சாவும் உங்களாலதான்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. மேம்பாலம் கட்டாதவங்க யாரும் அந்த வரியில இருக்க மாட்டாங்க" என்றாள் நஸ்ரீன். "புதுசு கேக்கவும் முடியாது. பழசு உயிரோட இருக்குன்னு பதிவு சொல்லுது. ஒரே வழி, இந்த ஒன்பதும் அதே இடத்துக்குத் திரும்பணும்."

"திரும்பினா?"

"பத்து நாள்ல ரோடு கத்துக்கும். லாரி முப்பதுக்கு இறங்கும்."

இருசாயி கலயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதை அப்படியே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"திருப்பி வைக்கறதுக்கு முன்னாடி, அது என்னா கேட்டுச்சுன்னு சொல்ல முடியுமா?"

"வேணாங்க்கா."

"முடியுமா, முடியாதா?"

"பேச்சு எல்லாம் பதியாது. அதிர்வு மட்டும்தான். பெரிய அடி ஒண்ணு விழுந்தா அதையும், அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்தையும் அழிக்காம வச்சிருக்கும்."

"பாரு. ஸ்பாட்லயே போயிட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, பூ உதிர்ந்த மாதிரின்னு டாக்டர் சொன்னாரு. அதை வச்சுத்தான் மூணு வருஷம் தூங்கறேன். பாரு."

நஸ்ரீன் பலகையைக் கொட்டையின் மேல் வைத்தாள். ஒரு கோடு ஓடியது. முதலில் ஒரே ஒரு உயரமான முனை. பிறகு கொஞ்சம் தட்டை. பிறகு சின்னச் சின்ன முனைகள், மூன்று மூன்றாக. நஸ்ரீன் கோட்டை நகர்த்திக்கொண்டே போனாள். அது முடியவில்லை. அவள் முகத்தையே இருசாயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு."

"அவர் உடனே போகல அக்கா."

"எவ்வளவு நேரம்?"

"முப்பத்தெட்டு நிமிஷம்."

இருசாயி மஞ்சள் துணியை மடித்தாள், பிரித்தாள்.

"தட்டிட்டே இருந்திருக்கார். மூணு மூணா."

"ரோடு ஆள் அனுப்பும்னு தட்டியிருக்காரு" என்றாள் இருசாயி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எங்கிட்ட சொல்லுவாரு. இருசாயி, இந்தக் கொட்டை இருக்குதே, இதைத் தட்டினா டவுன்ல லைட் எரியும்னு. பெருமையாச் சொல்லுவாரு. அப்பறம் ஏன் வண்டி வரல?"

நஸ்ரீன் வேறு ஒரு பதிவைத் திறந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். மூடப் போனாள். இருசாயி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தார்ச்சட்டி பிடித்துக் காய்த்த கை.

"வண்டி கிளம்பியிருக்குக்கா. அடி விழுந்த உடனே கிளம்பியிருக்கு. ரெண்டு நிமிஷத்துல திரும்பக் கூப்ட்டிருக்கு."

"யாரு கூப்ட்டாங்க?"

"யாரும் இல்ல. ரோடே கூப்ட்டுச்சு." நஸ்ரீன் சொல்லத் திணறினாள். "நீங்க பதிக்கறப்ப திமிசுக்கட்டையால ஒரு குத்து குத்தறீங்க. அப்புறம் மூணு தட்டு. பெரிய அடி, பின்னால மூணு தட்டு வந்தா, அது கூலி ஆள் வேலை பாக்கறது, ஆம்புலன்ஸ் வேணாம்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. ஒவ்வொரு குத்துக்கும் வண்டி ஓடக் கூடாதுன்னு. அவர் விழுந்தது ஒரு அடி. அப்புறம் மூணு தட்டு தட்டினாரு."

"தட்டாம இருந்திருந்தா?"

நஸ்ரீன் பலகையை அணைத்தாள். இருசாயி அவள் கையை விட்டாள். எழுந்துபோய் மாடத்து விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. இருந்தும் ஊற்றினாள்.

*

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. எட்டு வீட்டுக்கும் நடந்தாள். நஸ்ரீன் கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டாள். பேசத் தெரிந்தவர்கள் கூட இருந்தால் தன் தப்பு சின்னதாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது.

ஆறு வீட்டில் அழுதார்கள், கொடுத்தார்கள். ஒரு வீட்டில் திட்டினார்கள், கொடுத்தார்கள். கடைசியாகப் பூங்காவனத்தின் வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். இருசாயி சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"அப்ப எம் பொண்ணு சாவறதுக்கு முன்னாடி எட்டுத் தடவை பேத்திருக்கற" என்றாள்.

"ஆமா."

"எட்டாவதைப் பேக்காம இருந்திருந்தா லாரி மெதுவா வந்திருக்கும்."

"கொஞ்சம் மெதுவா வந்திருக்கும்."

"எம் புள்ளைக்குப் பேக்க உன்னைக் கூப்ட்டது நான். வெத்தலை பாக்கு வச்சுக் கூப்ட்டேன். மடியில துணி விரிச்சு வாங்கினேன்." உடைத்த தோலை இருசாயி காலடியில் வீசினாள். "வந்து சொல்றியேடி. வெக்கமா இல்லையா உனக்கு? ஓடிப் போயிருக்கலாம்ல."

"எங்க ஓடறது."

பூங்காவனம் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் எவர்சில்வர் டப்பா. மஞ்சு மில்லுக்குச் சோறு கொண்டுபோன டப்பா அது.

"நான்தான் வைப்பேன். உங் கை படக் கூடாது."

"சரி."

"ஏய், நில்லு." பூங்காவனம் டப்பாவை இறுக்கிக்கொண்டாள். "உம் புருஷன் தட்டினாருன்னு சொன்னியே. இந்த ஊர்ப் புள்ளைங்க எல்லாம் தினமும் மூணு தட்டு தட்டித்தானே வளருது. எம் பொண்ணும் தட்டியிருப்பாளா?"

இதை இருசாயி ராத்திரியே யோசித்திருந்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட பலகை இருக்குது. பாக்கணுமா?"

பூங்காவனம் டப்பாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள்.

"வேணாம்" என்றாள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சென்னப்பன் வளைவின் ஒரு பக்கத்தை அடைத்துச் சிவப்புக் கொடி கட்டினார். கொதிகலனில் தார் காய்ந்தது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல செய்யாத வேலையைச் செஞ்சதா எழுதியிருக்கேன். செஞ்ச வேலையை எழுதாம வுடறது இதான் மொதல் தடவை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதற்காகச் சொல்லவில்லை.

ஒன்பது வீட்டுக்காரர்களும் தடுப்புக் கம்பி ஓரமாக நின்றார்கள். கொண்டுவந்தவற்றைப் பார்த்தால் சின்னச் சந்தை மாதிரி இருந்தது. கலயம், மஞ்சள் துணி, பிளாஸ்டிக் டப்பா, ஒரு குழந்தையின் பால்புட்டி. இருசாயி பழைய ஒட்டுகளைக் கடப்பாரையால் ஒவ்வொன்றாகப் பேர்த்தாள். எந்தக் குழி யாருடையது என்று அவளுக்குச் சீட்டு தேவையில்லை. ஒவ்வொருவரும் வந்து தாமே கொட்டையை உள்ளே வைத்தார்கள். சென்னப்பன் திமிசால் குத்தினார். வைத்தவர்களே மண்டியிட்டு மூன்று தட்டு தட்டினார்கள். தினமும் தட்டுகிற தட்டுதான். பூங்காவனம் மூன்றாவது தட்டைத் தட்டிவிட்டு உள்ளங்கையைத் தாரிலிருந்து எடுக்கவில்லை. சூடு பொறுக்காமல் மற்றவர்கள் இழுத்தார்கள்.

நஸ்ரீன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுப் புள்ளிகள் வந்துவிட்டன.

"இந்த மூணு தட்டை மாத்தச் சொல்லி நேத்தே எழுதிட்டேன்" என்றாள் இருசாயியிடம். "பதில் வர வருஷம் ஆகும். மத்த இடத்துல இப்படி யாரும் தட்டினதா புகார் இல்லையேன்னு கேப்பாங்க."

"தட்டினவங்க எங்க வந்து புகார் குடுப்பாங்க?"

நஸ்ரீன் கீழே பார்த்தாள்.

"மூணுன்னாதானே கூலி ஆளுன்னு நினைக்கும்? நாலு தட்டினா?"

"நாலு தட்டினா அதுக்குப் புரியாது. புரியாத எதுக்கும் வண்டி அனுப்பும்."

இருசாயி கம்பி ஓரம் நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். இந்த மாதிரி சத்தமாகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "கேட்டுக்குங்க. ரோட்டுல வுழுந்தா மூணு தட்டாதீங்க. நாலு தட்டுங்க. புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. மூணு தட்டினா நம்மளை வேலைக்காரன்னு நினைச்சு வுட்டுடும்."

ஒரு பையன் நாலு தட்டு தட்டிப் பார்க்கப் போனான். அவன் அம்மா பின்மண்டையில் ஒன்று போட்டாள்.

கடைசிக் குழி ஐந்தாம் கம்பத்தின் கீழ். இருசாயி கலயத்தைச் சாய்த்தாள். தார்க்கட்டியிலிருந்து கொட்டையைப் பிரிக்க வராமல் பல்லால் கடித்து எடுத்தாள். குழியில் வைத்தாள். ஒரு சாண் தள்ளி, தலை கிடந்த இடத்தில், முட்டி போட்டுக் குனிந்தாள்.

"குத்துங்க மேஸ்திரி."

சென்னப்பன் திமிசைத் தூக்கி ஒரு குத்து குத்தினார். தரை அதிர்ந்தது அவள் முட்டியில் தெரிந்தது.

தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"பச்சை வந்துடுச்சுக்கா" என்றாள் நஸ்ரீன். "எழுந்திரிங்க."

இருசாயி எழுந்திருக்கவில்லை. விரல்முட்டி தாரின் மேலேயே இருந்தது. அப்புறம் இன்னொரு தட்டு தட்டினாள்.

பலகையில் பச்சை அணைந்தது. அடுத்த நொடி சிவப்பு. நஸ்ரீன் வாயைத் திறந்தாள். ரத்து செய்கிற பொத்தான் அவள் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. அழுத்தவில்லை.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். சென்னப்பன் பீடி பற்ற வைக்க மறந்து தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் லாரிகள் போயின. தார் ஆறிக்கொண்டிருந்தது. இருசாயி ரோட்டு ஓரத்தில் கையை ஊன்றி, கிழக்கே, டவுன் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளை வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்து சிவப்புக் கொடியருகே நின்றது. இரண்டு பேர் ஸ்டிரெச்சரோடு குதித்தார்கள். முன்னால் ஓடி வந்தவன் கூட்டத்தைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், ரத்தம் தேடினான்.

"யாருக்கு அடி?"

எல்லோரும் இருசாயியைப் பார்த்தார்கள்.

"யாருக்கும்மா அடி? சேதி வந்துச்சே."

"நீங்க வர எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டாள் இருசாயி.

அவன் மணிக்கட்டைப் பார்த்தான். "பதினொண்ணு. வழியில ஆட்டு மந்தை. இல்லைன்னா ஒன்பதுல வந்திருப்போம். ஏன்?"

"பதினொண்ணு" என்றாள் இருசாயி. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலிக் கலயத்தை எடுத்து ஓரமாக, மிதிபடாத இடத்தில் வைத்தாள். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கொதிகலன் பக்கம் நடந்தாள்.